வாசகர் கேள்வி – பதில்: வாசலில் நின்று பார்ப்பவர்கள்

சென்ற மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே பொருளைப் பற்றியவை. முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் தாம் இடுகிற ஒன்றுக்குப் பிறர் என்ன சொல்கிறார்கள், எத்தனை பேர் விருப்பம் தெரிவிக்கிறார்கள் என்பதில் மனம் சிக்கிக்கொண்டதைப் பலரும் எழுதியிருந்தார்கள். அவற்றிலிருந்து நான்கு கடிதங்களை எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்களின் விருப்பப்படி பெயர்களை விட்டுவிட்டேன்.

கேள்வி: எனக்கு 34 வயது. கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியாருடன் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் வசிக்கிறேன். சிறு வயது முதலே கோலம் போடுவதில் எனக்கு ஈடுபாடு அதிகம். சென்ற மார்கழியில் 15 புள்ளி, 8 வரை ஊடுபுள்ளியில் போட்ட ஒரு சிக்குக் கோலத்தைப் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டேன். இரண்டே நாளில் 412 லைக் வந்தது. முன்பின் தெரியாதவர்கள்கூட, 'உங்கள் கைக்குத் தங்க வளையல் போட வேண்டும்' என்று எழுதினார்கள். அன்றைக்கு எனக்கு இருந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. அதன் பிறகு தினமும் படம் போட ஆரம்பித்தேன். மறு வாரம் அதைவிடக் கடினமான ஒரு கோலத்துக்கு 38தான் வந்தது. அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கைபேசியைப் பார்க்கிறேன். பால் பொங்கி வழிந்த பிறகுதான் தெரிகிறது. இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தாலும் தலையணைக்கு அடியில் இருக்கும் போனைத்தான் கை தேடுகிறது. இப்போதெல்லாம் எனக்குப் பிடித்த சிக்குக் கோலத்தை விட்டுவிட்டு, படத்தில் எடுப்பாகத் தெரிகிற கலர்ப்பொடிக் கோலங்களையே போடுகிறேன். 'ஊர் பேர் தெரியாதவர்கள் கொடுக்கிற மார்க்குக்கு ஏன் இப்படி அலைகிறாய்?' என்று என் கணவர் கேட்கிறார். அவர் கேட்பது நியாயம்தான். ஆனாலும் விட முடியவில்லை. நான் விளம்பரப் பைத்தியமாகிவிட்டேனா?

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. நீங்கள் செய்ததைப் பிறர் பார்க்க வேண்டும் என்ற ஆசை பைத்தியமும் அல்ல, குற்றமும் அல்ல. பிறர் கண்ணில் பட வேண்டும் என்பதற்காகவே வாசலில் போடப்படுவதுதான் கோலம். யாரும் பார்க்க வேண்டாம் என்றால் பூஜை அறையோடு நிறுத்திக்கொண்டிருப்போம்.

நான் பாவாடை கட்டிய வயதில் வளர்ந்த தெருவில் ஒரு பாட்டி இருந்தார். மார்கழி மாதத்தில் விடியற்காலை கோவிலுக்குப் போகிற வழியில் ஒவ்வொரு வாசலிலும் நிற்பார். சிக்குக் கோலத்தின் ஒரு கம்பியைக் கண்ணால் பிடித்து, அது வளைந்து நெளிந்து எல்லாப் புள்ளிகளையும் சுற்றிக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறதா என்று பார்ப்பார். சேர்ந்திருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். தலையை ஒரு முறை ஆட்டிவிட்டு அடுத்த வாசலுக்குப் போய்விடுவார். சேரவில்லை என்றால், 'இங்கே ஒரு புள்ளி அநாதையா நிக்குது பாரு' என்று கைத்தடியால் காட்டுவார். அந்தத் தலையசைப்புக்காக நானும் என் அக்காவும் முதல் நாள் இரவே நோட்டில் போட்டுப் பார்த்துவிட்டுப் படுத்த நாட்கள் உண்டு. ஆகவே பாராட்டுக்கு ஏங்குவது என்றால் என்ன என்பதை நான் நன்றாக அறிவேன். அந்தப் பாட்டியின் தலையசைப்புக்கும் உங்கள் 412க்கும் உள்ள வேறுபாட்டைத்தான் நாம் பார்க்க வேண்டும். பாட்டி கோலத்தைப் பார்த்தார். அந்த 412 பேரில் எத்தனை பேர் ஒரு கம்பியையாவது தொடர்ந்து சென்று பார்த்திருப்பார்கள் என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. விரல் திரையில் வழுக்கிக்கொண்டு போகும்போது இருமுறை தட்டிவிட்டுப் போனவரும், உங்கள் கோலத்தைப் பெரிதாக்கிப் பார்த்து நோட்டில் வரைந்துகொண்டவரும் அந்தக் கணக்கில் ஒன்றாகவே சேர்ந்துவிடுகிறார்கள்.

லைக் என்னும் இந்தப் பொத்தான் எப்படி வந்தது என்பதைத் தெரிந்துகொள்வது உங்களுக்கு உதவும். முகநூலில் அது 2009 பிப்ரவரி 9 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் ஒருவருக்குக் குழந்தை பிறந்த செய்திக்குக் கீழே அறுபது பேர் ஒரே வாழ்த்தை அறுபது முறை எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிரமத்தைக் குறைப்பதற்காக, ஒரே தட்டலில் மகிழ்ச்சியைத் தெரிவிக்கும் வழியாகவே அதை அங்கிருந்த இளம் பொறியாளர்களும் மேலாளர்களும் வடிவமைத்தார்கள். அந்தக் குழுவில் இருந்தவர்களுள் லியா பேர்ல்மன் என்ற பெண்மணியும் ஒருவர். அவர் பின்னர் அந்த நிறுவனத்தை விட்டு விலகிப் படக்கதைகள் வரைந்து முகநூலில் வெளியிடலானார். தம் படங்களுக்கு வரும் விருப்பக்குறிகள் குறைந்தபோது தாம் மனம் சோர்ந்ததையும், அந்தக் கவனத்தைத் திரும்பப் பெறுவதற்காகப் பணம் கொடுத்து விளம்பரம் செய்ததையும் அவரே பேட்டியில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பொத்தானை உருவாக்கிய கைகளுக்குள் ஒன்றே அதன் பிடியில் அகப்பட்டது என்றால், தஞ்சை மாவட்டத்துச் சிற்றூரில் பால் பொங்குவதைக் கவனிக்காமல் நிற்கும் நீங்கள் உங்களை எதற்காக இவ்வளவு கடுமையாக நொந்துகொள்ள வேண்டும்?

பிடி என்று சொன்னேன். அது எப்படி இறுகுகிறது என்பதையும் சொல்கிறேன். 1950களில் ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் புறாக்களைக் கூண்டில் வைத்துப் பல சோதனைகள் செய்தார். கூண்டிலுள்ள வில்லையைக் கொத்தினால் தானியம் விழும். குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு ஒரு முறை தவறாமல் தானியம் விழும்படி வைத்தபோது, புறா தின்றுவிட்டுச் சற்று ஓய்ந்து மறுபடி தொடங்கியது. எப்போது விழும் என்றே தெரியாதபடி வைத்தபோது ஓய்வே எடுக்காமல் கொத்தியது. தானியம் நின்றுபோன பிறகும் நெடுநேரம் கொத்திக்கொண்டே இருந்தது. உங்களுக்கு ஒவ்வொரு கோலத்துக்கும் சரியாக நூறு லைக் வந்திருந்தால் பத்தாம் நாளே அதில் சுவை போயிருக்கும். ஒரு நாள் 412, ஒரு நாள் 38, மறுநாள் என்னவோ என்ற நிச்சயமின்மைதான் இரவு இரண்டு மணிக்கு உங்கள் கையைத் தலையணைக்கு அடியில் கொண்டுபோகிறது. முகநூலின் முதல் தலைவராக இருந்த ஷான் பார்க்கர், மனித மனத்தின் ஒரு பலவீனத்தைப் பயன்படுத்திக்கொள்வதை அறிந்தேதான் இதையெல்லாம் செய்தோம் என்று 2017இல் பொதுமேடையிலேயே ஒப்புக்கொண்டார்.

38 என்ற எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2016 முதல் இன்ஸ்டாகிராம் பதிவுகளை வெறும் கால வரிசையில் காட்டுவதில்லை. ஒரு படத்தை யாருக்கெல்லாம் காட்டுவது, எவ்வளவு நேரம் காட்டுவது என்பதை, பார்ப்பவர்கள் அதில் நிற்கிறார்களா, எதையாவது தட்டுகிறார்களா என்பதைக் கணக்கிட்டு ஒரு கணினி நிரல் முடிவு செய்கிறது. ஆகவே உங்கள் 38க்கு, கடினமான கோலம் பிடிக்கவில்லை என்று ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது என்று பொருள் இல்லை. பெரும்பாலும், அந்தப் படம் மிகச் சிலர் கண்ணுக்கே கொண்டுபோகப்பட்டது என்றுதான் பொருள். தெருவை அடைத்துவிட்டு, 'என் கோலத்தை யாருமே பார்க்கவில்லையே' என்று வாசலில் நின்று வருந்துவது போன்றது நீங்கள் பட்ட வருத்தம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, உங்கள் கடிதத்தில் என்னை உண்மையாகவே கவலைப்படுத்திய வரிக்கு வருகிறேன். பால் பொங்கியதைப் பற்றி நான் அதிகம் கவலைப்படவில்லை, அடுப்பைத் துடைத்துவிடலாம். பிடித்த சிக்குக் கோலத்தை விட்டுவிட்டு, படத்தில் எடுப்பாகத் தெரிகிற கோலத்தையே போடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். 15 புள்ளி ஊடுபுள்ளியில் ஒரே கம்பியை எடுத்துக் கையைத் தூக்காமல் இழுத்து முடிக்கிற பெண்கள் இன்று எத்தனை பேர் இருக்கிறார்கள்? உங்கள் அம்மாவோ அத்தையோ பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த அந்தக் கை, பொடி நழுவும் வேகத்தையும் விரலின் சரிவையும் பல வருடங்களில் பழகிய அந்தக் கை, இப்போது யாருக்காகத் தன் வேலையை மாற்றிக்கொள்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பிறர் பாராட்ட வேண்டும் என்று நினைப்பதில் தவறில்லை. பாராட்டு கிடைக்கிற திசையில் நம் ரசனையே மெல்ல மெல்லச் சாய்ந்து, ஒரு நாள் நமக்கு எது பிடிக்கும் என்பதே நமக்குத் தெரியாமல் போவதுதான் இழப்பு. அந்த இழப்பு உங்களுக்கு இன்னும் நேரவில்லை. நேர்ந்திருந்தால் அந்த வரியை நீங்கள் எழுதியிருக்க மாட்டீர்கள்.

என்ன செய்யலாம் என்று கேட்கிறீர்கள். கணக்கை மூடிவிடுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. உங்கள் கோலத்தை உண்மையாகவே ரசிப்பவர்களும் அங்கே இருக்கிறார்கள். ஊரில் கிடைக்காத ஒரு சபை உங்களுக்கு அங்கே கிடைத்திருக்கிறது. ஆனால் லைக் வந்தால் ஒலிக்கிற அறிவிப்பை இன்றே நிறுத்திவிடுங்கள். பதிவிடும்போது லைக் எண்ணிக்கையை மறைக்கும் வசதியும் இருக்கிறது. 2019இல் கனடா முதலிய சில நாடுகளில் சோதித்துப் பார்த்துவிட்டு, 2021 மே மாதம் முதல் அதை எல்லோருக்கும் கொடுத்திருக்கிறார்கள். மறைத்தாலும் நீங்களாகத் தேடிப் போனால் எண் தெரியத்தான் செய்யும். ஆனால் தேடிப் போவது வேறு, கண்ணில் வந்து விழுவது வேறு. கைபேசி இரவில் கூடத்து அலமாரியில் உறங்கட்டும். விடியற்காலை எழுவதற்குப் பழைய அலாரக் கடிகாரம் போதும். வாரத்தில் மூன்று நாள் படமே எடுக்காமல் கோலம் போடுங்கள். அந்த மூன்று நாளும் சிக்குக் கோலமாகவே இருக்கட்டும். ஒன்பது மணிக்குள் பள்ளிப் பிள்ளைகளின் கால்களும் சைக்கிள் சக்கரங்களும் அதை அழித்துவிடும். அழிந்ததைப் பார்த்து எந்தப் பெண்ணாவது அழுதிருக்கிறாளா? மறுநாள் புதிதாகப் போடலாம் என்ற உறுதியோடுதான் நம் பாட்டிமார் எல்லோரும் வாசலில் உட்கார்ந்தார்கள். படத்தில் மட்டும் கோலம் அழிவதில்லை. அதன் கீழே ஒட்டிய எண்ணும் அழிவதில்லை. அதனால்தான் அது உங்களை விடாமல் துரத்துகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதை உங்கள் கணவரும் படிக்கட்டும். ஊர் பேர் தெரியாதவர்கள் கொடுக்கிற மார்க் என்று அவர் சொல்வது சரிதான். ஊரும் பேரும் தெரிந்த அவர், சென்ற மார்கழி முழுவதிலும் ஒரு நாளாவது வாசலில் நின்று அந்தக் கோலத்தை ஒரு நிமிடம் பார்த்தாரா? உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு காட்சி இல்லை. அவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். 'இன்று ஒரே கம்பியில் போட்டிருக்கிறேன், எங்கே தொடங்கியது என்று கண்டுபிடியுங்கள்' என்று கையைப் பிடித்து அழைத்துப் போய்க் காட்டுங்கள். மாமியாரையும் கூப்பிடுங்கள், தவறு கண்டுபிடித்தாலும் பரவாயில்லை. தவறு கண்டுபிடிப்பதற்காவது அவர் அதை முழுதாகப் பார்த்தாக வேண்டும் அல்லவா?

கேள்வி: என் மகளுக்கு 16 வயது, பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். பத்தாம் வகுப்பில் 478 மதிப்பெண் எடுத்தவள். அன்று அவளுடைய மதிப்பெண் பட்டியலை நான் ஸ்டேட்டஸில் வைத்தபோது உறவினர்கள், அலுவலக நண்பர்கள் என்று 140 பேர் பார்த்து வாழ்த்தினார்கள். இப்போது எந்நேரமும் போனும் கையுமாக இருக்கிறாள். தன் படத்தைப் போடுகிறாள். ஒரு மணி நேரத்துக்குள் எதிர்பார்த்த அளவு லைக் வராவிட்டால் அழித்துவிடுகிறாள். பிறகு சாப்பிடாமல் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். நான் போனைப் பிடுங்கி வைத்தேன். இரண்டு நாள் பேசவில்லை. 'முகத்தைக் காட்டிப் பெயர் வாங்க வேண்டுமா?' என்று கண்டித்தும் பார்த்துவிட்டேன். என் வளர்ப்பில் எங்கே தவறு நடந்தது?

பதில்: அன்புள்ள ஐயா, உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. தகப்பன் மனம் பதறுவது இயல்பு. ஆனால் உங்கள் மகள் செய்வதை முகத்தைக் காட்டிப் பெயர் வாங்குவது என்று நீங்கள் பெயரிட்ட கணத்திலேயே அவள் கதவைச் சாத்திக்கொண்டாள் என்று நினைக்கிறேன்.

பதினாறு வயதில் தோழிகள் நடுவே தனக்கு என்ன இடம் என்பதைவிடப் பெரிய கேள்வி ஒரு பெண்ணுக்கு இருப்பதில்லை. நம் காலத்தில் அந்தக் கேள்விக்கான விடையை, மதிய உணவு இடைவேளையில் யார் நம் பக்கத்தில் உட்காருகிறார்கள் என்பதை வைத்துத் தெரிந்துகொண்டோம். அவளுக்கு அது எண்ணாக வருகிறது. அதுவும் எல்லோர் கண் முன்னாலும் வருகிறது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 2016இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். 13 முதல் 18 வயது வரையுள்ள 32 பேரை மூளைப் படம் எடுக்கும் கருவிக்குள் படுக்கவைத்து, இன்ஸ்டாகிராம் போன்ற ஒரு திரையில் படங்களைக் காட்டினார்கள். அவர்களே எடுத்துக் கொடுத்த படங்களும் அவற்றுள் இருந்தன. ஒவ்வொரு படத்தின் கீழும் இருந்த லைக் எண்ணிக்கை உண்மையானது அல்ல, ஆய்வாளர்களாகவே இட்டது. தம் படத்துக்கு நிறைய லைக் வந்திருப்பதைப் பார்த்தபோது, இனிப்புத் தின்றாலும் பணம் கிடைத்தாலும் கிளர்ச்சியடைகிற அதே மூளைப் பகுதி அவர்களிடம் கிளர்ச்சியடைந்தது. அது மட்டுமன்று, ஒரே படத்தைச் சிலருக்கு அதிக லைக்குடனும் வேறு சிலருக்குக் குறைந்த லைக்குடனும் காட்டியபோது, அதிகம் உள்ளதாகப் பார்த்தவர்களே அதைத் தாமும் விரும்பினார்கள். உங்கள் மகள் ஒரு மணி நேரத்தில் படத்தை அழிப்பதன் காரணம் இங்கே இருக்கிறது. எண்ணிக்கை குறைவாக நின்றால், அடுத்து வருபவரும் அதைப் பார்த்துவிட்டுத் தயங்குவார் என்பதை அவள் அனுபவத்தில் அறிந்திருக்கிறாள். அவள் அந்த உலகத்தின் வழக்கத்தைச் சரியாகப் புரிந்துகொண்டே நடக்கிறாள். துன்பமும் அதனால்தான் வருகிறது.

அந்த உலகத்தை நடத்துபவர்களுக்கும் இது தெரியாமல் இல்லை. 2021இல், இன்ஸ்டாகிராமையும் நடத்துகிற முகநூல் நிறுவனத்தின் உள் ஆவணங்கள் வெளியே வந்தபோது, தம் உடலைப் பற்றி ஏற்கெனவே தாழ்வாக உணர்ந்த பதின்ம வயதுப் பெண்களில் 32 விழுக்காட்டினர், இன்ஸ்டாகிராம் அந்த உணர்வை இன்னும் மோசமாக்கியது என்று அந்த நிறுவனத்தின் சொந்த ஆய்விலேயே கூறியிருந்தது தெரியவந்தது. ஆகவே உங்கள் வளர்ப்பை மட்டும் கூண்டில் ஏற்ற வேண்டாம்.

ஆனாலும் நீங்கள் கேட்டதால் ஒன்றை மனம் திறந்து சொல்கிறேன். தவறாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன். மகளின் மதிப்பெண் பட்டியலை நீங்கள் ஸ்டேட்டஸில் வைத்தீர்கள். 140 பேர் பார்த்தார்கள் என்பது இன்றும் உங்கள் நினைவில் இருக்கிறது. எனக்கு எழுதும் கடிதத்திலும் அந்த எண் தவறாமல் வந்திருக்கிறது. அன்று மாலை நீங்கள் எத்தனை முறை போனை எடுத்து, 'சித்தப்பா பார்த்துவிட்டார், மேனேஜர் பார்த்துவிட்டார்' என்று வீட்டில் சொன்னீர்களோ, அத்தனை முறையும் அவள் அங்கேதான் இருந்திருப்பாள். பெருமை உங்களுக்கு நியாயமானது. ஆனால் தன்னுடைய ஒன்று வெளியே வைக்கப்பட்டால் அதை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ண வேண்டும் என்ற பாடத்தை, அவள் இன்ஸ்டாகிராமுக்கு முன்பே வீட்டில் கற்றுக்கொண்டிருக்கக்கூடும். இதையே அவளிடம் பேச்சைத் தொடங்குவதற்கான வாசலாக வைத்துக்கொள்ளுங்கள். 'உன் மார்க்கை ஸ்டேட்டஸில் வைத்துவிட்டு நான் அன்று இருபது தடவை எடுத்துப் பார்த்தேன் அம்மா. யாராவது பார்க்காமல் விட்டால் எனக்கும் வருத்தமாக இருந்தது. உனக்கும் அப்படித்தான் இருக்கிறதா?' என்று கேளுங்கள். கண்டிக்கிற அப்பாவிடம் சொல்லாததை, தன்னைப் போலவே தவித்த அப்பாவிடம் அவள் சொல்லக்கூடும்.

போனைப் பிடுங்காதீர்கள். தோழிகளோடு இருக்கும் ஒரே பாலத்தையும் அது அறுத்துவிடும். வேண்டுமானால் சாப்பாட்டு வேளையிலும் இரவு பத்து மணிக்கு மேலும் வீட்டில் எவர் கையிலும் போன் இருக்கக் கூடாது என்று முடிவு செய்யுங்கள்; எவர் கையிலும் என்பதில் உங்கள் கையும் அடங்கும். அவள் படத்தைப் பார்த்து அழகாக இருக்கிறாய் என்று மட்டும் சொல்லாமல், அந்தப் படம் எடுத்த அன்று என்ன நடந்தது, கூட யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். சாப்பிடாமல் இருப்பது தொடர்ந்தாலோ, தூக்கம் கெட்டாலோ, படிப்பிலும் பழக்கத்திலும் சட்டென்று மாற்றம் தெரிந்தாலோ, வாழ்வதில் பயன் இல்லை என்பது போன்ற பேச்சு வாயில் வந்தாலோ, காத்திருக்க வேண்டாம். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416; 2022 அக்டோபர் முதல் இரவு பகலாகக் கட்டணமின்றி இயங்குகிறது; தமிழிலேயே பேசலாம். நீங்களே முதலில் அழைத்து, எப்படி நடந்துகொள்வது என்று கேட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: நான் கோவையில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறேன். 20 வயதில் டிக்டாக்கில் நகைச்சுவை வீடியோ போட்டு 60 ஆயிரம் பேர் என்னைப் பின்தொடர்ந்தார்கள். தடை வந்ததும் ஒரே இரவில் எல்லாம் போய்விட்டது. பிறகு ரீல்ஸில் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினேன். இப்போது வருகிற கமெண்டில் நூற்றுக்குத் தொண்ணூறு நல்லதுதான். ஆனால் என் நிறத்தைப் பற்றியும் பல்லைப் பற்றியும் எழுதுகிற ஒன்றிரண்டுதான் நாள் முழுவதும் மனதில் ஓடுகிறது. மெஷினில் வேலை செய்யும்போது கவனம் சிதறுகிறது.

பதில்: தம்பி, கடைசி வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். சுழலும் மெஷினுக்கு முன்னால் நிற்கிற நேரத்தில் போன் உன் சட்டைப் பையில் இருக்கக் கூடாது. பூட்டிய பெட்டியில் இருக்கட்டும். யாரோ எழுதிய ஒரு வரிக்கு உன் விரல் விலை ஆகிவிடக் கூடாது.

தொண்ணூறு நல்ல சொல்லை ஒரு கெட்ட சொல் விழுங்கிவிடுவது உன் மனத்தின் கோளாறு அல்ல. நல்லதைவிடத் தீயது மனத்தில் ஆழமாகப் பதிகிறது என்பதை ராய் பாமைஸ்டர் முதலிய உளவியலாளர்கள் 2001இல் பல ஆய்வுகளைத் தொகுத்து விரிவாக எழுதியிருக்கிறார்கள். பாராட்டைத் தவறவிட்டாலும் உயிர் போகாது, ஆபத்தைத் தவறவிட்டால் போய்விடும் என்ற நிலையில் வாழ்ந்த மூதாதையரின் எச்சரிக்கை உணர்வு அது. ஆனால் உன் நிறத்தைப் பற்றி எழுதுபவன் உன் வீடியோவைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை என்பதைக் கவனி. நகைச்சுவை எடுபடவில்லை, முடிவு முன்கூட்டியே தெரிந்துவிட்டது என்று ஒருவர் எழுதினால், அது வலித்தாலும் வைத்துக்கொள். அதில் உனக்கு வேலை இருக்கிறது. நிறத்தையும் பல்லையும் சாதியையும் இழுப்பவனுக்குப் பதில் எழுதாதே. எழுதினால், அந்தப் பதிலுக்குப் பதில் வந்திருக்கிறதா என்று பார்க்க நீ பத்து முறை அங்கே போவாய். அழித்துவிட்டு அவனைத் தடுத்துவிடு. சில சொற்கள் வந்தால் தானாகவே மறைந்துவிடும்படி அமைக்கவும் வழி இருக்கிறது. அந்தச் சொற்களின் பட்டியலை நீயே உட்கார்ந்து எழுதாமல், உன் நண்பன் ஒருவனிடம் கொடுத்து எழுதச் சொல்.

2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தபோது, உன்னைப் போல எத்தனையோ கிராமத்துப் பிள்ளைகள் ஒரே இரவில் தங்கள் சபையை இழந்தார்கள். அந்த 60 ஆயிரம் போனது. ஆனால் சிரிக்க வைக்கத் தெரிந்தது உன்னோடுதான் வந்தது, அதை வைத்துத்தான் மறுபடியும் ஆரம்பித்தாய். பட்டறையில் கூட வேலை செய்பவர்களிடம் அடுத்த வீடியோவை முதலில் நடித்துக் காட்டு. அவர்கள் எந்த இடத்தில் சிரிக்கிறார்கள், எந்த இடத்தில் டீ கிளாஸைப் பார்க்கிறார்கள் என்று கவனித்தால், ஆயிரம் கமெண்ட் சொல்லாததை அது சொல்லும்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், வயது 71. மனைவி காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. மகன் நியூ ஜெர்சியில் இருக்கிறான். முகநூலில் நான் எது எழுதினாலும், எந்தப் படம் போட்டாலும் உடனே இதயக் குறி போட்டுவிடுகிறான். தொலைபேசியில் பேசி இரண்டு மாதம் ஆகிறது. போன வாரம் கொல்லையில் காய்த்திருக்கும் மாமரத்தைப் படம் எடுத்துப் போட்டேன். அதற்கும் இதயம்தான். உண்மையைச் சொன்னால், அவன் அழைப்பான் என்று நினைத்துத்தான் அந்தப் படத்தைப் போட்டேன்.

பதில்: மதிப்பிற்குரிய ஐயா, உங்கள் கடிதத்தின் கடைசி வரியைப் போல நேர்மையான வரியை நான் அண்மையில் படிக்கவில்லை. ஊருக்கே தெரியும்படி போட்ட படம் உண்மையில் ஒரே ஒருவருக்கு எழுதிய கடிதம். அந்த ஒருவருக்கு அது கடிதம் என்று தெரியவில்லை. அப்பா நன்றாக இருக்கிறார், மாமரத்தைப் படமெடுத்துப் போடும் அளவுக்கு உற்சாகமாக இருக்கிறார் என்று நினைத்து, நிம்மதியாக ஓர் இதயத்தைத் தட்டிவிட்டு வேலைக்குப் போயிருப்பான். அந்தக் குறியில் அன்பு இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். தவறாமல் உங்கள் பக்கத்துக்கு வந்து பார்க்கிறான் என்பதும் உண்மை. ஆனால் உங்கள் தனிமையை அந்தக் குறிக்குள் அடக்கிக்கொண்டு, அதுவே போதும் என்று இருந்துவிடவும் வேண்டாம்.

ஆசிரியராக இருந்தவருக்கு, பிள்ளை தானாக வர வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இருப்பது இயல்பு. இந்த ஒரு முறை அதைத் தள்ளி வையுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை இங்கே மாலை ஆறரை மணி என்றால், இந்தக் கோடைக் காலத்தில் அவனுக்குக் காலை ஒன்பது மணி. விடுமுறை நாள், வீட்டில்தான் இருப்பான். நாற்காலியைக் கொல்லையில் மாமரத்தடியில் போட்டுக்கொண்டு, வீடியோ அழைப்பில் நீங்களே கூப்பிடுங்கள். எப்படி இருக்கிறாய் என்று தொடங்க வேண்டாம். நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு முடித்துவிடுவான். போனை மரத்தின் பக்கம் திருப்பி, சின்ன வயதில் அவன் எந்தக் கிளை வரைக்கும் ஏறினான் என்று கேளுங்கள்.